ரெண்டு நிமிஷம் பொறுத்தவர்

அவருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘ரெண்டு நிமிஷம்’. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவோம். “என்ன ரெண்டு நிமிஷம், டீ குடிப்பமா?” என்பான் சேவியர். அவரும் “வாங்க, குடிப்போம்” என்று எழுந்து வருவார். கோபப்படாத ஆளைச் சீண்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அது கேவலமான சுகம் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், பழைய உப்பளத்தில் மண் அடித்து மேடாக்கிய ஒரு கண்டெய்னர் யார்டு. அங்கே நெட்வொர்க் வேலைக்கு நாங்கள் மூன்று பேர். அவர், நான், சேவியர். அவர் நாசரேத்துக்காரர், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஐம்பதைத் தாண்டியவர். நானும் சேவியரும் முப்பதைத் தொடாதவர்கள். எங்களை அவர் ஒருநாளும் ‘ஏலே’ போட்டுக் கூப்பிட்டதில்லை. தம்பி, வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா. யார்டில் கிரேன் ஓட்டுகிறவர் முதல் கக்கூஸ் கழுவுகிறவர் வரை எல்லாருக்கும் அதே ‘ங்க’தான்.

பட்டப்பெயர் வந்தது எங்கள் தொழிலிலிருந்து. நாங்கள் சுவிட்ச் என்றால் லைட் சுவிட்ச் இல்லை. கம்ப்யூட்டர், கேமரா, எடைமேடை எல்லாவற்றின் வயரும் வந்து சொருகுகிற தட்டையான இரும்புப் பெட்டி. ஒன்று போதாத இடத்தில் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக ரேக்கில் அடுக்கி, முதுகுப் பக்கம் குட்டையான தடித்த கேபிளால் கோத்துவிடுவோம். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் திரும்ப முதல் பெட்டிக்கே வந்து வட்டம் முடியும். அதன்பிறகு வெளியிலிருந்து பார்த்தால் நாலும் ஒரே பெட்டிதான். அதில் ஒன்று தலை. அதற்குள் என்ன எழுதி வைத்திருக்கிறோமோ அதன்படிதான் மற்றதெல்லாம் நடக்கும். எது தலை என்பதை அவையே முடிவு செய்துகொள்ளும். கரண்ட் கொடுத்ததும் ஒவ்வொன்றும் ‘நான் இன்னார், என் எண் இவ்வளவு’ என்று மற்றவைக்குச் சொல்லும். நாம் முன்கூட்டிக் கொடுத்து வைக்கிற எண் அது, பதினைந்து வரை போகும். பெரிய எண் உள்ளது தலையாகும். எல்லாம் சொல்லி முடிக்க ரெண்டு நிமிஷம் பிடிக்கும்.

அந்த ரெண்டு நிமிஷமும் அவர் யாரையும் ரேக் பக்கம் அண்டவிட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நிற்பார். நாங்கள் எதையாவது அமுக்கப் போனால், “பொறுங்க தம்பி. எல்லாரும் தன்னச் சொல்லட்டும். ரெண்டு நிமிஷத்துல என்ன குடியா முழுகிரும்?” என்பார்.

இந்தக் குணம் பெட்டிகளோடு நின்றிருந்தால் எங்களுக்கு ஒன்றும் இல்லை. மனிதர்களிடமும் அதையேதான் செய்தார்.

ஒருமுறை கிரிம்பிங் டூல் காணாமல் போனது. வயர் நுனியில் க்ளிப் வைத்து அமுக்குகிற கருவி. ஒரு சின்ன வெளிவேலைக்காக சேவியர் அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தான். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். சேவியர் அதைப் பையில் போட்டபோது அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாமான் ரிஜிஸ்டரில் அன்றைய வரியைக் காலியாக விட்டுவிட்டு அதற்குக் கீழிருந்து எழுதினார். நாலு நாள் அந்த வரி அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் சேவியர் டூலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான்.

“நாந்தான் அண்ணாச்சி எடுத்துட்டுப் போனேன். ஒரு அவசரம்.”

“சந்தோஷம் தம்பி,” என்றார். காலியாகக் கிடந்த வரியில் ‘உள்ளது’ என்று எழுதினார். அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் சேவியர் விழுந்து விழுந்து சிரித்தான். “சாமியார்ட்ட பாவத்தச் சொல்லுத பாவசங்கீர்த்தனம் எங்க கத்தோலிக்கக் கோயில்லலா உண்டு. இவரு வேதத்துல அது கிடையாதே. பொறவு ஏன் மனுசன் பாவம் கேக்குத தொட்டிக்குள்ள சாமியார் உக்காந்த மாதிரி காத்துக் கெடக்காரு?”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு எரிச்சல். நல்ல மனிதர் என்று ஒரு வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் யோக்கியமாக நடந்துகொள்வீர்கள் என்று ஒருவர் தினமும் பக்கத்து நாற்காலியில் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். திட்டிவிட்டால் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போகலாம். இவர் அந்த வழியையும் அடைத்து வைத்திருந்தார்.

அதனால்தான் கண்ணாடியை எடுத்தேன். வாசிக்கிற கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குப் பெட்டியில் உள்ள எண் ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலையில் அதை எடுத்து என் நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று பார்க்கலாம் என்ற எண்ணம். அவர் மேஜையைத் தேடினார், பையைத் தேடினார். பிறகு என்னை ஒருதரம் பார்த்தார். தேடுவதை நிறுத்திவிட்டார். அன்று முழுவதும் ரேக்கோடு மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு, மொபைல் வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவி வேலை பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. எனக்குத் திருப்பிக் கொடுக்கத்தான் எண்ணம். மத்தியானம் ஞாபகமில்லாமல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடியின் ஒரு பக்கக் காது முறிந்துபோனது.

முறிந்த கண்ணாடியை அவர் மேஜை டிராயருக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காதை நூலால் சுற்றிக் கட்டி மாட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு வாரம் போல என்னிடம் பேசும்போதெல்லாம் பேச்சை முடித்துவிட்டுக் கொஞ்சம் நிற்பார். நான் எதுவும் சொல்ல மாட்டேன். பிறகு போய்விடுவார். அந்த ஒரு வாரம் நான் ஜெயித்த மாதிரி இருந்தது எனக்கு.

அவருடைய மனைவியை நான் பார்த்ததில்லை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்யக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். செவ்வாயும் வெள்ளியும். அந்த நாட்களில் மத்தியானத்துக்கு மேல்தான் வேலைக்கு வருவார். கேன்டீனில் ஒரே ஒருதரம் அதைப் பற்றிப் பேசினார்.

“இந்த வேலைய விட்டுப் போனா எனக்கு வேற வேலை கிடைக்கும் தம்பி. ஆனா கம்பெனி மருத்துவ அட்டை கிடைக்காது. அவ உசுரு அந்த அட்டையிலதான் ஓடுது.”

எனக்கு இது தெரியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கேட் ஆபீசில் புதிதாகச் சில கேமராக்கள் வைத்தார்கள். நாலு பெட்டி அடுக்கில் ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். அவர் ஆஸ்பத்திரியில். சேவியர் கோயில் கொடியேற்றம் என்று லீவு. “நீ பாத்துக்குவியாலே?” என்று மேனேஜர் என்னைக் கேட்டார். எனக்கு அப்போது நிரந்தர ஆர்டர் போடுவதாகப் பேச்சு இருந்தது, பேப்பர் மேனேஜர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருந்தது. “இது என்ன சார், பத்து நிமிஷ வேலை” என்றேன்.

ஸ்டோரில் ஒரே ஒரு உபரிப் பெட்டி இருந்தது, முன்பு கேன்டீன் கட்டிடத்தில் ஓடியது. அதன் நெற்றியில் அவர் கையால் எழுதி ஒட்டிய டேப்: ‘சேர்க்குமுன் துடைக்கவும்’. உள்ளே இருக்கும் பழைய எழுத்தையெல்லாம் அழித்துவிட்டு, கரண்ட் இல்லாமல் கேபிள் மாட்டி, அதன்பிறகு கரண்ட் கொடு என்று அர்த்தம். எனக்கு அந்த டேப்பைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. உரித்து எறிந்தேன். பெட்டியில் உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று முதலில் கரண்ட் கொடுத்தேன். எல்லா விளக்கும் பச்சையாக வந்தது. அப்படியே, ஓடிக்கொண்டிருந்த அடுக்கில் என் பெயரில் உள்ளே நுழைந்து நிலைமையைப் பார்த்துவிட்டு, முதுகுக் கேபிளை மாட்டினேன்.

கேன்டீனில் அது தலையாக இருந்த பெட்டி. பதினைந்து கொடுத்து வைத்திருந்தார் அவர். கேட் அடுக்கை முதலில் அமைத்தவன் நான். எதற்கு மெனக்கெட வேண்டும் என்று எதற்குமே எண் கொடுக்கவில்லை. நாலும் ஒரே நேரத்தில் அணைந்தன. திரும்ப எழுந்தபோது நாலுக்கும் கேன்டீன் பெட்டி தலையாகியிருந்தது. கேட் என்றால் என்னவென்று அந்த அடுக்கில் எதற்கும் தெரியவில்லை. கேட் கார்டு வேலை செய்யவில்லை. எடைமேடை கம்ப்யூட்டர் வெறும் திரை. கேமரா எல்லாம் இருட்டு.

அரை மணி நேரத்தில் லாரி வரிசை மெயின் ரோட்டைத் தொட்டது. டிரைவர்கள் இறங்கி வந்து ஹாரன் அடிக்கிற மாதிரியே கத்தினார்கள். இறால் ஏற்றிய குளிர்பெட்டிகள் உள்ளே போக முடியாமல் வெயிலில் நின்றன. கப்பலுக்கு ஏற்றுகிற கெடு மத்தியானத்தோடு முடிந்தது. அவை இல்லாமலேயே கப்பல் போனது.

அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தார். சட்டைப் பையில் மனைவியின் மாத்திரைச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது. யாரையும் எதுவும் கேட்கவில்லை. உபரிப் பெட்டியைக் கழற்றினார், கேட் அடுக்கின் எழுத்துக்குத் தான் எடுத்து வைத்திருந்த நகலைத் திரும்ப ஏற்றினார், கரண்ட் கொடுத்தார், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே அத்தனை ஹாரன் சத்தத்திலும் அந்த ரெண்டு நிமிஷத்தை முழுதாகக் கொடுத்தார். கேட் திறந்தது.

பிறகு கண்ட்ரோல் ரூமில் லாக் பார்த்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே நுழைந்தார்கள் என்பது பெயரோடு பதிவாகிற கணக்கு அது. பார்த்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ரேக்கைப் பார்த்தேன்.

மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இறால் கம்பெனிக்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், பெயர் வேண்டும்.

“நீயாலே?” என்றார் என்னைப் பார்த்து.

“நான் வெளிய கேமராவுக்கு வயர் இழுத்துக்கிட்டிருந்தேன் சார். கேமரா காண்ட்ராக்ட் ஆளுக நாலு பேரு ரூமுக்குள்ள நின்னாங்க. அவனுவ எதையாச்சும் தொட்டிருப்பானுவ.”

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். “லாக்கக் காட்டும்வே. பாத்துருவோம்.”

“அழிச்சிட்டேன் சார்.”

“என்னது?”

“இன்னைக்கு உள்ளத மட்டும் அழிச்சிட்டேன். யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களே வந்து சொல்லுவாங்க. லாக் சொல்லி மாட்டினா அது திருட்டு சார். தானா வந்து சொன்னா தப்பு. தப்புக்கு மன்னிப்பு உண்டு. நாலு நாள் குடுங்க.”

மேனேஜர் மேஜையில் ஓங்கிக் குத்தினார். “உமக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்காவே? வயரப் புடுங்கினவன்னா ரெண்டு வசவு வஞ்சிட்டு விட்டுருவேன். ரெக்கார்ட அழிச்சா உள்ள போடணும், தெரியுமா? சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்பேன். பேரு வரலைன்னா உம்ம பேர எழுதிருவேன்.”

“வரும் சார்,” என்றார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கணக்கு இப்போது தெளிவாக இருந்தது. நான் வாயைத் திறந்தால் எனக்கு நிரந்தர ஆர்டர் தள்ளிப்போகும், வசவு விழும். திறக்காவிட்டால் அவருக்கு வேலை போகும், அட்டை போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். யோசித்து யோசித்து அவர் மேலேயே கோபப்பட்டேன். அழிக்கச் சொன்னது யார்? நானா கேட்டேன்? என்னைச் சோதித்துப் பார்க்க இவர் யார்?

புதன்கிழமை காலை “சாப்பிட்டீங்களா தம்பி?” என்றார். ஆச்சு என்றேன். என் பக்கத்தில் வந்து நின்றார். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போனில் யாரும் இல்லை.

வியாழக்கிழமை சேவியர் என்னைக் கேன்டீனுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனான். “ஏலே, நீதான? அந்த ஆளு பாவம்லே. போய்ச் சொல்லு.” நான் அவனிடமும் சத்தியம் செய்தேன். என் அம்மா மேல் செய்தேன்.

வெள்ளிக்கிழமை அவர் காலையிலேயே வந்துவிட்டார். நான் ஆச்சரியப்பட்டு, “இன்னைக்கு ஆஸ்பத்திரி இல்லையா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

“மச்சான் கூட்டிட்டுப் போயிருக்கான். நான் இங்கன இல்லாத நேரம் யாராச்சும் தேடி வந்தா ஏமாந்து போவாங்கள்லா.”

அன்று மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. சிறுநீர் கழிக்கக்கூட அவசரமாகப் போய் அவசரமாக வந்தார். நான் எதிரில் உட்கார்ந்து பழைய கேபிள்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருதரம் நிஜமாகவே வாய் வரை வந்தது. “அண்ணாச்சி” என்றேன். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “சொல்லுங்க தம்பி, சொல்லுங்க” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் அவர் நினைத்தது நடந்துவிடும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

“டேப் தீந்து போச்சு,” என்றேன்.

எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கேட் பாஸையும் மருத்துவ அட்டையையும் மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தார். சேவியர் அழுதான். நான் அவருடைய பாஸ்வேர்டு நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இரண்டாவது டிராயரிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

“கேட் ரேக்ல நாலாவதுலேருந்து ஒண்ணாவதுக்குத் திரும்புத கேபிள் லூசா இருக்கு தம்பி. மறந்துராதீங்க,” என்றார்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. சேவியர்தான் சொல்லுவான். வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டார்களாம். பிறகு பத்து நாளுக்கு ஒன்றாம். ஊரில் இருந்த வயலை விலை பேசி முடித்தாராம். எனக்கு நிரந்தர ஆர்டர் வந்த மாதமே அந்த அம்மாள் போய்ச் சேர்ந்த செய்தியும் வந்தது.

மேனேஜர் காரில் நாசரேத்துக்குப் போனோம். நான் முன் சீட்டில், பூமாலை மடியில். வீட்டு முன்னால் சாமியானா போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிக்குள் கிடந்த உடம்பு ஒரு சின்னப் பிள்ளை அளவுக்கு வற்றியிருந்தது. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகூப்பினார்.

மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கிவிட்டது. கூப்பிய அவர் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். “என்ன மனுசன்வே நீரு? அன்னைக்கு ஒரு பேர மட்டும் சொல்லியிருந்தா அட்டை இருந்திருக்கும். இவங்களும் இருந்திருப்பாங்க. இப்பமாவது சொல்லும். எவன் அவன்?”

சாமியானாவுக்குள் உட்கார்ந்திருந்த அவருடைய மச்சான் திரும்பிப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் பேச்சை முடித்துவிட்டு நிற்பாரே, அதே மாதிரி நின்றார். என்னிடம் நேரம் இருந்தது. நிறையவே இருந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பேச முடிந்தது. பேசவும் செய்தேன்.

“சார், சர்ச் ஐயர் வந்துட்டாரு. ஜெபம் ஆரம்பிக்கப் போறாங்க. நாம தள்ளி நிப்போம்.”

அடக்கம் முடிந்து கிளம்பும்போது அவர் தெரு முனை வரை வந்தார். வேட்டியில் கல்லறைத் தோட்டத்து மண் ஒட்டியிருந்தது. மேனேஜர் அந்தப் பக்கம் போய் வண்டியில் ஏறினார். அவர் என் பக்கத்து ஜன்னலில் குனிந்தார். மெதுவாகச் சொன்னார்.

“இனிமே நீங்க சொல்ல வேண்டாம் தம்பி.”

வண்டி நகர்ந்தது. ஏரல் ரோட்டில் திரும்பியபிறகு மேனேஜர் கேட்டார், “என்னலே சொன்னாரு?”

“பாத்துப் போகச் சொன்னாரு சார்,” என்றேன்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து இனி என்ன ஆகப்போகிறது.